உருக்கும் எஃகும்: திருவண்ணாமலை வட்டாரத்து இரும்புத் தொழில்

அண்ணாமலையை வலம்வருவோர் மலையின் மேற்குப் புறத்தே கண்டு கடக்கும் ஊர் அடி அண்ணாமலை. அவ்வூரின் பழமையைத் தலவரலாறு கொண்டு ஆராய்ந்தோர் பலர். அவ்வட்டாரத்தின் இரும்பினை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அண்ணாமலை கருங்கல் மலை. ஆயின் அதே வட்டாரத்தைச் சார்ந்த கவுத்திமலையும் வேடியப்பன்மலையும் காந்த இரும்புக் கனியம் செறிந்த பாறைகளை உடையன. இவ்விரும்பு என்னாயிற்று என்னும் வினாவே இக்கட்டுரைக்குப் பொருளாம்.

முதற்கண் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். இன்று எஃகு, உருக்கு என்னும் இரண்டனையும் ஒருபொருட் கிளவிகளாக வழங்குகின்றோம். சங்க நூல்களில் எஃகு என்பது பெரும்பாலும் வேலையும் கூரிய படைக்கலத்தையும் குறிக்கும். அது கருவியின் பெயர், உலோகத்தின் பெயராக வளர்ந்தது பின்னரே. உருக்கு என்பதோ உருகு என்னும் வினையடியாகத் தோன்றிச் செய்முறையைச் சுட்டி நிற்பது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதற்கு இனமாக உக்கு என்னும் வடிவம் உண்டு. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் ஆராய்ந்து எழுதிய 'ஊட்ஸ்' என்னும் எஃகின் பெயர் இவ்வுக்கு என்பதன் திரிபே என்பது அறிஞர் பலர் துணிபு. ஆதலின் அப்பெயரைத் தமிழ்ச்சொல் எனத் தனியே உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. திராவிட மொழிகளின் பொதுச்சொத்து என்பதே அமையும். அங்ஙனமே, எஃகு என்னும் சொல் பயின்றமை ஒன்றே கொண்டு சங்ககாலத்தார் கரியேற்றிய எஃகு செய்தனர் என நிறுவலும் ஆகாது. ஏழூர்க்குப் பொதுவான உலையின் துருத்தியை உவமை கூறும் குறுந்தொகைப் பாட்டு, கொல்லன் உலையையே காட்டும். கனியத்தினின்று இரும்பு பிரிக்கும் உலையும், மூசையில் இரும்பை உருக்கும் உலையும் அதனின் வேறானவை. நன்னனைப் பாடும் மலைபடுகடாமும் செங்கம் வட்டாரத்து நடுகற்களும் இந்நிலத்து மறவரின் படைக்கலங்களைப் பற்றிப் பேசும். அப்படைக்கலங்கள் எவ்வுலையில் பிறந்தன என்பதற்கு வேறு சான்று தேடல் வேண்டும்.

அச்சான்று மண்ணில் கிடைத்தது. கொடுமணல் அகழாய்வு இரும்புத் தொழிலின் தொன்மையைப் புலப்படுத்தியது ஒருபுறமாக, திருவண்ணாமலைக்குத் தெற்கே மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகள் பரந்து கிடத்தலைச் சாரதா சீனிவாசன் கண்டு, 1994-இல் அதனை உருக்கு செய்த களமாக வெளியிட்டார். மூசையின் உட்புறத்தே ஒட்டிய நுண்ணிய உலோகத் துளிகளை அவர் நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது அவை கரி மிகுந்த எஃகாக இருந்தமை தெளிவாயிற்று. இலக்கியத்தில் ஆயிரம் அடி தேடியும் பெறலாகாத உறுதியினை ஒரு மூசைத் துண்டு தருகின்றது!

செய்முறையும் அறியத்தக்கது. களிமண்ணோடு உமியைக் கலந்து மூசை வனைந்தனர். உமி வெந்து கரியாகி மூசைக்குக் கடுவெப்பம் தாங்கும் ஆற்றலை அளித்தது. அதனுள் தேனிரும்புத் துண்டுகளையும் உலர்ந்த ஆவாரை விறகையும் இட்டு, எருக்கிலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். இருபது முதல் இருபத்துநான்கு மூசைகளை ஓருலையில் அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் துருத்தி ஊதினர். தூய இரும்பு உருகுதற்கு 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கரி ஏற ஏற உருகுநிலை தாழும். நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை கரி ஏறிய இரும்பு இவ்வுலையிலேயே நீராகும். ஆறியபின் மூசையை உடைத்துக் கட்டியை எடுத்தனர். இந்நூலறிவு அற்ற தொழிலாளர், மூசை உருகாமல் இரும்பு மட்டும் உருகும் அவ்விடைவெளியைப் பழக்கத்தாலேயே கண்டுகொண்டனர்.

இக்கட்டியை அடிக்கும் முறையோ அரிது. ஐரோப்பியக் கொல்லர் தம் வழக்கப்படி மிகக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கியது. மிதமான செவ்வெப்பத்தில் பொறுமையுடன் அடித்தாலே இணங்கியது. வாளின் மேல் தோன்றும் நீரோட்டக் கோலத்திற்கு வனேடியம் போன்ற தனிமங்கள் நுண்ணளவிற் கலந்தமையே காரணம் என வெர்ஹோவன், பெண்ட்ரே என்போர் 1998-இல் விளக்கினர். கனியம் மாறின் கோலமும் மாறும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, திருவண்ணாமலையையே நேரிற் பற்றிய செய்திக்கு வருவோம். சென்னை அரசாங்கப் பணியினின்று விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் ஊதுலை நிறுவினார். பின்னர் மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஆலை எழுந்தது. 1853-இல் நான்கு இலட்சம் பவுன் முதலீட்டில் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி தோன்றி, அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்த திருவண்ணாமலையிலும் காவிரிக்கரையிலும் புதிய உலைகளை அமைத்தது. அவை 1858-இல் அவிந்தன. பரங்கிப்பேட்டை உலை 1866-இலும் பேப்பூர் உலை 1867-இலும் ஓய்ந்தன.

பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்து சென்று மெனாய்த் தொங்குபாலத்திலும் பிரிட்டானியாப் பாலத்திலும் பயன்பட்டது எனப் பலர் எழுதி வருகின்றனர். மெனாய்ப் பாலம் 1826-இலேயே திறக்கப்பட்டது. உலையோ அதன்பின் பிறந்தது. பிறவாத உலையின் இரும்பு பாலம் கட்டியதாகக் கூறும் இப்பெருமை நமக்கு வேண்டா. பிரிட்டானியாப் பாலம் 1850-இல் திறக்கப்பட்டதாகலின் அக்கூற்றுக்குக் காலத் தடையேனும் இல்லை.

ஆங்கிலேயர் கொள்கையே நம் இரும்புத் தொழிலை அழித்தது என்னும் கருத்தும் மறுபரிசீலனைக்கு உரியது. மலிவான ஆங்கில இரும்பின் இறக்குமதியும், 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டமும் சிற்றுலைகளை நலித்தன என்பது உண்மை. ஆயின் கம்பெனியின் கடனுதவியும் தனியுரிமையும் பெற்ற ஹீத்தின் உலைகளும் வீழ்ந்தன அன்றோ? நிலக்கரி இல்லாத நாட்டில் ஊதுலைக்கு வேண்டிய மரக்கரியை உலையைச் சூழ்ந்த காடு நெடுங்காலம் தரவியலாது. தொலைவினின்று கொணரும் செலவோ ஊதியத்தை விழுங்கும். சிற்றுலை ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. பேருலையோ நின்ற இடத்தே பட்டினி கிடந்தது. என் கருத்தில் அடிப்படைக் காரணம் இதுவே.

ஹீத்தின் வாழ்வில் பெரும்பயன் விளைந்தது தமிழ்நாட்டில் அன்று, ஷெபீல்டில். இரும்பிற் கலந்த கந்தகம் எஃகின் மணிகளுக்கிடையே மெல்லிய படலமாகப் படிந்து, காய்ச்சி அடிக்குங்கால் வெடிக்கச் செய்யும். மாங்கனீசு சேர்ப்பின் அது கந்தகத்தைத் தன்பால் ஈர்த்துக் கட்டிவிடும். கரியேற்றிய மாங்கனீசை எஃகிற் சேர்க்கும் முறைக்கு 1839-இல் அவர் காப்புரிமை பெற்றார். விலைமிகு சுவீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெபீல்டார் பெரிதும் பயனடைந்தனர். அவருக்கு உரிய பங்கை அளிக்காமல் முறையைச் சிறிது மாற்றிக் கையாண்டனர். 1851-இல் அவர் மறைந்த பின்னரும் வழக்கு நீண்டு, முடிவில் எதிராகவே தீர்ந்தது.

கல்பாக்கத்தில் 1971-இல் தோன்றி, 1985 முதல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர்பெற்ற நிலையத்தார் இன்று எதிர்கொள்ளும் வினாவும் இத்தன்மையதே. சோடியம் ஓடும் வேக ஈனுலையில் எஃகு 550 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தைப் பல்லாண்டு தாங்கல் வேண்டும்; எரிபொருளை மூடிய குழாயோ நியூட்ரான் தாக்குதலால் உப்பாதிருத்தல் வேண்டும். ஆதலின் குழாய்க்குக் குரோமியமும் நிக்கலும் பதினைந்து பதினைந்து பங்கு கொண்ட எஃகில் டைட்டானியம் சிறிது சேர்த்தனர். கலத்திற்குரிய எஃகில், மணிகளின் எல்லையிற் குரோமியத்தைப் பிணித்து அரிப்பிற்கு இடந்தரும் கரியை நூற்றுக்கு 0.03 பங்கிற்குக் கீழே குறைத்து, இழந்த வலிமையை நைட்ரசன் கொண்டு ஈடுசெய்தனர். மேல்சிறுவளூரார் முயன்று ஏற்றிய கரியை இவர்கள் முயன்று இறக்கினர். இரு திறத்தாரும் நூற்றுக்கூற்றின் சிறு பின்னத்தோடு போராடியவரே.

கவுத்திமலை, வேடியப்பன்மலைக் கனியத்தை அகழ இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டபோது, காடும் நீரும் கெடும் என்று சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தனர். 1858-இல் உலை அவிந்ததும் காட்டின் பொருட்டே என்பதை நினைவிற் கொண்டு அவ்வழக்கினை நோக்குதல் தகும். ஆய்வு மாணவர்க்கு அவ்வூர்களில் வேறொரு பணி உண்டு: கிட்டம் பரந்த மேடுகளையும், உலை, துருத்தி, மூசை பற்றிய வழக்குச் சொற்களையும் ஊர்தோறும் குறித்தல்.