குரங்கின் சிறுநீரகமும் ஓர் அம்மையாரின் எச்சரிக்கையும்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கண்டுபிடிப்பது அரிது. கண்டதைக் கேட்க விரும்பாதவர்முன் எடுத்துரைப்பது அதனினும் அரிது. பாலியோமா எனப்படும் வைரஸ் இனத்தின் வரலாற்றை நோக்குங்கால் இவ்விரண்டு அருமைகளையும் நாம் ஒருங்கே காண்கிறோம். குழந்தைகளுக்கு இடப்படும் தடுப்பூசியோடு நெருங்கிய தொடர்புடையதாதலின், பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

இதன் தொடக்கம் சுண்டெலியிலே உள்ளது. நியூயார்க்கில் பணியாற்றிய லுட்விக் கிராஸ் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளின் உறுப்புச் சாற்றை வடிகட்டி, அப்போதுதான் பிறந்த குஞ்சுகளுக்குச் செலுத்தி வந்தார். அவற்றுள் சிலவற்றுக்குக் காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி தோன்றிற்று. உயிரணுக்கள் புகமுடியாத வடிகட்டியையும் கடந்து வந்த நுண்பொருள் ஒன்றே இதற்குக் காரணம் என்று அவர் 1953-ல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்க அரசின் பெதஸ்தா ஆய்வு நிலையங்களில் பணிபுரிந்த சாரா ஸ்டூவர்ட், பெர்னிஸ் எடி என்னும் அம்மையார் இருவரும் அந்நுண்பொருளைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டினர். அது சுண்டெலிகளின் பல்வேறு உறுப்புகளில் கட்டிகளை உண்டாக்கிற்று. ஆகவே, கிரேக்க மொழியில் 'பல கட்டிகள்' எனப் பொருள்படும் பாலியோமா என்னும் பெயரை 1958-ல் அதற்குச் சூட்டினர்.

எடி அம்மையாரின் அலுவல் தடுப்பூசிகளைச் சோதிப்பதாகும். 1954-ல், இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியின் சில தொகுதிகளைக் குரங்குகளுக்குச் செலுத்தியபோது அவை முடங்கக் கண்டார். இறந்திருக்க வேண்டிய வைரஸ் அம்மருந்தில் உயிரோடு இருந்தது! அவர் தெரிவித்த எச்சரிக்கை செவியேறவில்லை. மறு ஆண்டு, ஒரு நிறுவனத்தின் மருந்தைப் பெற்ற குழந்தைகளுக்கே அந்நோய் கண்டது. பலர் முடமாயினர், 10 பேர் மாண்டனர்.

அத்தடுப்பூசிக்கான வைரஸ், ரீசஸ் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வளர்க்கப்பட்டு வந்தது. குரங்கின் உடலில் உறையும் வேறு வைரஸ்களும் மருந்தில் கலந்துவிடுமோ என்னும் ஐயம் எடி அம்மையாருக்கு எழுந்தது. 1959-ல் அவ்வுயிரணுக்களின் சாற்றை எடுத்து, ஹாம்ஸ்டர் என்னும் சிறு எலியினத்தின் குஞ்சுகளுக்குச் செலுத்தினார். திங்கள் பல சென்றபின், பல குஞ்சுகளுக்குக் கட்டிகள் தோன்றின. மேலதிகாரி அதனைப் பொருட்படுத்தவில்லை. 1960 அக்டோபரில் அம்மையார் நியூயார்க்கில் கூடிய புற்றுநோய் அறிஞர் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தார். அதற்குக் கிடைத்த பரிசு யாது? இனி முன்அனுமதியின்றிப் பேசலாகாது என்னும் ஆணை! தடுப்பூசிச் சோதனைப் பணியிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார்.

ஆனால் உண்மைக்கு வாய்ப்பூட்டு இட முடியுமோ? அதே 1960-ல், மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்களான பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்மனும் அவ்வைரஸைத் தனியே கண்டறிந்தனர். ரீசஸ் குரங்கின் உயிரணுக்களில் அது எவ்வித அடையாளமுமின்றி ஒடுங்கிக் கிடந்தது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் உயிரணுக்களில் இட்டபோதோ, அவ்வணுக்களினுள்ளே குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் தோன்றிக் காட்டிக்கொடுத்தன. குரங்கு வைரஸ்களின் வரிசையில் 40-ஆம் எண் பெற்றதால் எஸ்.வி. 40 என்று அதற்குப் பெயராயிற்று. எடி அம்மையார் கண்ட கட்டிகளுக்குக் காரணமும் இதுவே என்பது 1962-ல் நிலைநாட்டப்பட்டது.

1961-ல், புதிய தடுப்பூசித் தொகுதிகளில் இவ்வைரஸ் இருத்தலாகாது என அமெரிக்க அரசு விதித்தது. எனினும் பழைய இருப்பு திரும்பப் பெறப்படவில்லை. 1963 வரை அது செலவாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 1 கோடி முதல் 3 கோடிப் பேர் வரை, இவ்வைரஸ் கலந்த மருந்தைப் பெற்றிருக்கலாம் என மதிப்பிட்டுள்ளனர். அவர்களுக்குப் புற்றுநோய் மிகுந்ததா? தடுப்பூசி பெற்ற மக்களிடையே நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அவ்வாறு காணவில்லை. ஆயினும் சான்று இரு பக்கமும் போதாது என்றே அமெரிக்க மருத்துவக் கழகம் 2002-ல் அறிவித்தது. இன்று வழங்கப்படும் தடுப்பூசிகளில் இவ்வைரஸ் இல்லை.

இவ்வினத்தார் மனிதரிடமும் உளர் என்பது 1971-ல் வெளிப்பட்டது. மூளை நோயுற்ற ஒருவரின் மூளையிலிருந்து ஒன்றும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட ஒருவரின் சிறுநீரிலிருந்து மற்றொன்றும் கண்டறியப்பட்டன. அந்நோயாளிகளின் பெயர்களின் முதலெழுத்துகளே ஜே.சி., பி.கே. என அவற்றுக்குப் பெயர்களாயின. வளர்ந்தவர்களுள் மிகப் பலரின் குருதியில் இவற்றுக்கான எதிர்ப்பொருள் உண்டு. நம்மிடையே வாழ்ந்தும் பெரும்பாலோருக்குத் தீங்கிழைக்காத இவை, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றும்போதே தலைதூக்குகின்றன. ஆகவேதான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரின் குருதியில் பி.கே. வைரஸின் மரபுப்பொருள் உள்ளதா என மருத்துவர்கள் அவ்வப்போது சோதிக்கின்றனர். 1981-ல் கூண்டில் வளர்க்கப்படும் பட்ஜரிகர் கிளிக்குஞ்சுகளைக் கொல்லும் நோயொன்றிலும் இவ்வினத்து வைரஸ் காணப்பட்டது. 2008-ல் பிட்ஸ்பர்க் நகரின் யுவான் சாங், பாட்ரிக் மூர் குழுவினர், மெர்க்கல் அணுப் புற்று என்னும் கொடிய தோல் புற்றுநோயில், ஆய்ந்த 10 கட்டிகளுள் 8-ல் புதிய பாலியோமா வைரஸொன்றைக் கண்டனர். கட்டியின் மரபுச் செய்திகளிலிருந்து மனிதருக்குரியவற்றைக் கழித்து, எஞ்சியதை ஆராய்ந்தே அதனைப் பிடித்தனர்.

இவ்வரலாற்றைக் கேட்டுத் தடுப்பூசியை ஐயுறுவோர் உண்டெனில், அவர்கள் பாடத்தைத் தலைகீழாகப் படித்தவராவர். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகளை நம் தலைமுறை கண்டிருக்கிறது. அந்நோயை விரட்டியது தடுப்பூசியே. ஆனால் நம்பித் தோள் நீட்டும் குழந்தைக்கு இடப்படும் மருந்து, அதைச் செய்வோர் கையிலுள்ள ஓர் அமானிதமாகும். அந்த அமானிதத்தைக் காத்தவர், குறையை மூடி மறைத்தவரல்லர். ஆணைக்கு அஞ்சாது அதனை எடுத்துரைத்தவரே. 1973-ல் ஓய்வு பெற்று 1989-ல் மறைந்த பெர்னிஸ் எடியை இன்று அறிந்தோர் சிலரே. தம் பிள்ளைகளுக்குத் தூய மருந்து கிடைக்கப் பெற்ற நாம் அவர் பெயரையேனும் நினைவில் வைப்போமாக.