வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா

ஆஸ்துமா என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுக்கப்படக்கூடிய நுரையீரல் நோய். யானைக்கால் புழுவின் நுண்புழுக்களுக்கு எதிராக உடல் காட்டும் அளவுமீறிய எதிர்வினையால் வருவது. யானைக்கால் நோய்க்குப் பெயர்போன கும்பகோணம் உள்ளிட்ட காவிரிப் படுகையில், சாக்கடைநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இப்புழுவைப் பரப்புகிறது.

நள்ளிரவில் தொடங்கும் வறட்டு இருமல், இழுப்பு, லேசான காய்ச்சல், உடல் மெலிவு: நோயாளி சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். இரவில் இரத்தம் எடுத்துப் பார்த்தாலும் நுண்புழு தென்படாது. அவை நுரையீரலில் சிக்கி அழிந்துவிடுகின்றன. ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மட்டும் மைக்ரோலிட்டருக்கு 3000-ஐத் தாண்டி நிற்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பது பெரும்பிழை.

மதனப்பள்ளியில் மருத்துவர்கள் ஃப்ரிமாட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் இந்நோயை விவரித்தனர். 1943இல் வைன்கார்ட்டன் இதற்குப் பெயரிட்டார். டைஎதில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் உட்கொண்டால் பெரும்பாலோர்க்கு இழுப்பு தணியும்.

புழுவின் உடலுக்குள்ளேயே வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது; டாக்சிசைக்ளின் அதைக் கொன்றால் புழு மலடாகும்.

சிகிச்சை தாமதித்தால் நுரையீரல் நிரந்தரமாகத் தழும்பேறும்.