தோட்டாவுக்கு முந்தைய நொடி

மாட்டுங்கா லேபர் கேம்ப், நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. அதை ஒட்டிய தாராவியில், பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 அன்று ஒரு சைக்கிள் ஊர்வலம் நடந்தது. அது காலா கில்லாவில் முடிந்தது. பின்னர் நகரமே பற்றியெரிந்தது.

அக்கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 900 மரணங்களைப் பதிவுசெய்தது. அவற்றுள் 356 காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டால் நேர்ந்தவை. கத்திக்குத்தில் இறந்தோர் 347 பேர். 1993 ஜனவரி 9 அன்று சுலைமான் பேக்கரிக்குள் காவலர்கள் நுழைந்து சுட்டனர். உள்ளே ஆயுதமேந்தியோர் இருந்தனர் என்ற அவர்களின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2008 நவம்பர் 26 அன்று, அதே நகரம் எதிர்மறையான காட்சியைக் கண்டது. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் ஏகே-47 ஏந்திய இருவர் 58 உயிர்களைப் பறித்தனர். எதிரே நின்ற காவலர் சிலரிடம் இருந்தவை, ஒவ்வொரு குண்டுக்கும் தாழை இழுத்துத் தள்ளவேண்டிய பழைய 303 ரைஃபிள்கள். சுடும் பயிற்சி போதாமையையும், பயிற்சிக்கான தோட்டாக்களுக்கே நிலவிய தட்டுப்பாட்டையும் ராம் பிரதான் குழு சுட்டிக்காட்டியது. 2009இல் ‘ஃபோர்ஸ் ஒன்’ என்னும் சிறப்புப் படை உருவானது.

முதல் நிகழ்வில் சுடக் கூடாத இடத்தில் சுட்டனர். அடுத்ததில் சுடவேண்டிய இடத்தில் இயலாது நின்றனர். இரண்டுக்கும் பொதுவான குறை, நெருக்கடியில் முடிவெடுக்கும் பழக்கமின்மை. அசையாத வட்ட இலக்கைக் குறிபார்க்கும் பயிற்சி கையையும் கண்ணையும் பழக்கும், தீர்ப்பைப் பழக்காது. அதனால்தான் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1987இல் ‘ஹோகன்ஸ் ஆலி’ என்ற போலி நகரத்தைக் கட்டியது. அங்கே வங்கி, அஞ்சலகம், திரையரங்கு யாவும் உண்டு. குற்றவாளிகளாகவும் பொதுமக்களாகவும் நடிப்போர் உலவுவர். எதிரே வருபவர் கையில் இருப்பது துப்பாக்கியா, வேறு பொருளா என்பதை நொடியில் அறியவேண்டும். இத்தகைய பயிற்சிகளில், சுடக் கூடாதவரைச் சுடுவதும் தோல்வியே.

கலவரத்தின் காரணங்கள் அனைத்தையும் பயிற்சிக் களம் தீர்க்காது. மனத்தில் ஊறிய வெறுப்பு அங்கும் உடன்வரும். ஆயினும் 2008இன் அதே இரவில், கிர்காவ் சௌபாத்தியில் உதவி சார்பு ஆய்வாளர் துக்காராம் ஓம்ப்ளே, கையில் துப்பாக்கியின்றி, எதிரியின் துப்பாக்கிக் குழலைப் பற்றிக்கொண்டு உயிர் துறந்தார். அவருடைய சகாக்கள் கசாபை உயிருடன் பிடித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. சதியின் விவரம் வெளிப்பட்டது.

ஒருவரின் தனித் துணிவை நம்பியே ஒரு நகரம் பாதுகாக்கப்படலாகாது. லேபர் கேம்ப்பின் குறுகிய சந்துகளில், ஒரு தவறான நொடியின் விலையைத் தருபவர்கள் அங்கு வாழும் மக்களே.