மூன்று வழிகளும் ஒரு கேள்வியும்

முடியுருநாடி அடைப்பினால் வரும் இருதய நோய்க்கு இன்று மூன்று வழிகளில் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. மூன்றின் வரலாறும் நாம் அடைக்கலம் புகுந்த இந்த ரெக்சாஸ் மாநிலத்துடன் தொடர்புடையது என்பதை எம்மில் பலர் அறியார்.

1964ஆம் ஆண்டு ஹூஸ்ரன் நகரில், டிபேக்கியின் குழுவைச் சேர்ந்த காரெற், காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு, அடைபட்ட நாடிக்கு மாற்றுப்பாதை அமைத்தார். 1967 முதல் கிளீவ்லண்டில் பவலோரோ இச்சத்திரசிகிச்சையை வழமையான முறையாக வளர்த்தெடுத்தார். 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே வைத்தியசாலையில் செரியன் இதனை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார்.

1977இல் சூரிச்சில் குறுன்சிக், நெஞ்சைத் திறவாமல், நாடியினூடே சிறு பலூனைச் செலுத்தி அடைப்பை விரித்தார். விரித்த நாடி மீண்டும் சுருங்காதிருக்க, சான் அன்ரோனியோவில் பணியாற்றிய பல்மாஸ் உலோக வலைக்குழாயை உருவாக்கினார். இருதய நாடிகளுக்கான அதன் வடிவம் 1994இல் அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றது.

மூன்றாவது வழி மருந்து. எமது இர்விங்குக்கு அயலிலுள்ள டலஸ் நகரில், குருதியிலுள்ள கொலஸ்ரரோலை உடல் அகற்றும் விதத்தைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்ரைன் இருவரும் 1985இல் நொபெல் பரிசு பெற்றனர். ஸ்ரற்றின் மாத்திரைகள் எவ்வாறு பயன் தருகின்றன என்பது அவ்வாய்வினால் விளங்கியது.

எவருக்கு எவ்வழி? மாரடைப்பு நேர்ந்தவேளை நாடியை விரைந்து திறப்பதே உயிர் காக்கும். ஏனைய வேளைகளில், எந்த நாடியில் அடைப்பு, எத்தனை நாடிகளில், இருதயத்தின் வலு எவ்வளவு, நீரிழிவு உண்டா என்பவற்றை வைத்தியர் நோக்குவர். நீரிழிவுடன் பல நாடிகளும் அடைபட்டோருக்கு வலைக்குழாயைவிடச் சத்திரசிகிச்சையே மேல் என்பதை 1900 நோயாளரைக் கொண்ட ஆய்வு 2012இல் காட்டியது. நோய் நிலையாக இருந்த 5179 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியான முடிவோ வேறு: மருந்துடன் உடனடித் தலையீட்டையும் சேர்த்தமை நெஞ்சுவலியைத் தணித்தது, மரணங்களைக் குறைக்கவில்லை. இடது பிரதான நாடி அடைபட்டோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, "எனக்கு ஏன் இந்த வழி?" என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதன்று. வைத்தியர் சொல்லுக்கு மறுசொல் கூறாது வளர்ந்தவர்கள் நாம். இங்கோ பள்ளிப்பிள்ளை மொழிபெயர்க்க, தந்தை தலையசைக்கின்றார். தந்தையின் உயிராபத்தை எடுத்துரைக்கும் சுமை அப்பிள்ளைக்கு வேண்டாம். அதே 1964இல் நிறைவேறிய குடிசார் உரிமைகள் சட்டத்தின் வழியே, மத்திய அரசின் நிதிபெறும் வைத்தியசாலைகள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யக் கடமைப்பட்டுள்ளன. அவரைக் கேட்டுப் பெறுவோம். பின்னர் எமது கேள்வியையும் கேட்போம்.