கடல் விலகிய துறைமுகம்: செம்பனைக்கு அடியில் பழங்கடாரம்

மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரியும். மழை பெய்து அணை நிரம்பினால் மறுபடியும் மறைந்துவிடும். நீர் விலகியதால் நிலத்தில் தங்கிவிட்ட பழந்துறை ஒன்று மலேசியாவிலும் உண்டு. அங்கே நீர் திரும்பி வரவில்லை. கெடா மாநிலத்தின் சுங்கை பத்துதான் அது.

செங்கல் படகுத்துறைகள்

பூஜாங் பள்ளத்தாக்கில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில் சுங்கை பத்து உள்ளது. காஹாங் வட்டாரத்தில் காண்பது போன்ற செம்பனைத் தோட்ட நிலம்தான் அதுவும். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அங்கு பெரிய அளவில் அகழாய்வு நடத்தியது. பழைய ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகள், இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்கள், வட்ட அடித்தளம் கொண்ட ஒரு வழிபாட்டுக் கட்டடம் ஆகியவை மண்ணுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டன.

அவற்றில் சில கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வுக் குழு அறிவித்தது. அவ்வளவு பழமை இல்லை என்போரும் உண்டு. வயது பற்றிய விவாதம் தொடர்ந்தாலும், இரும்பு உருக்கிக் கப்பலேற்றிய ஊர் இது என்பதை உலைகளும் துறைகளும் காட்டுகின்றன.

துறை இடம் மாறிய கதை

வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு ஜெராய் மலையே அடையாளம். அன்று கடற்கரை மலைக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து, முகத்துவாரங்களைத் தூர்த்தது. நீர் விலக விலக, வணிகமும் இடம் பெயர்ந்தது. மூடா ஆற்றுப் பக்கம் சுங்கை மாஸ் வளர்ந்தது. பின்னர் பெங்காலான் பூஜாங் தலையெடுத்தது. ‘பெங்காலான்’ என்ற மலாய்ச் சொல்லுக்குப் படகுத்துறை என்றே பொருள்.

கடாரமும் தமிழரும்

தமிழர்கள் இந்த வட்டாரத்தைக் கடாரம் என்று அறிந்திருந்தனர். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் தருகிறார். கடாரத்து அரசர் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. 1025இல் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது.

காக்க வேண்டியது என்ன?

நீர் விலகியதால் சுங்கை பத்து துறைமுகமாக நீடிக்கவில்லை. ஆனால் அதே வண்டல்தான் அதன் சுவர்களை மூடிக் காத்தது. இன்று ஆபத்து நீரால் வருவதில்லை. மண்வாரி இயந்திரங்களால் வருகிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் கொண்ட பழைய சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்ட செய்தி 2013 இறுதியில் வெளியானது. ‘சோழன் வென்ற கடாரம்’ நூலாசிரியர் டத்தோ வீ. நடராஜன் உள்ளிட்டோர் குரல் எழுப்பிய பிறகே நாடு அதைக் கவனித்தது. தனியார் நிலத்தில் இருந்த அந்தச் சண்டி, மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டப்படி, தொன்மையானது எனத் தோன்றும் பொருளைக் கண்டெடுப்பவர் மரபுத் துறை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். காஹாங்வாசிகளுக்கு அது குளுவாங் மாவட்ட அலுவலகம். தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போது பழைய செங்கல் வரிசையோ பானை ஓடோ தட்டுப்பட்டால், எடுக்காமல், கலைக்காமல் தகவல் சொல்வதே சரி. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதைக் கொண்டே ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள்.

ஜெராய் மலைப் பக்கம் பயணம் செல்வோர் சுங்கை பத்துவையும், மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்து வரலாம்.