விழுமம்: சிறப்பும் துன்பமும் ஒரே சொல்லில்

போரில் காயம்பட்ட வீரரைப் பற்றி எழுதும்போது ‘விழுப்புண்’ என்ற சொல் இன்றும் கைகொடுக்கிறது. அதை ‘உடம்பில் விழுந்த புண்’ என்று பிரித்துக்கொள்வோர் உண்டு. இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. ‘விழு’ என்னும் வினைப்பகுதி பெயரோடு சேர்ந்து வினைத்தொகையானால் வல்லினம் மிகாது. எழுகதிர், சுடுசோறு, படுகுழி போல அதுவும் ‘விழுபுண்’ என்றே நின்றிருக்கும். ஒற்று மிகுந்திருப்பதால் இந்த ‘விழு’ வேறு. இது உரிச்சொல், பொருள் ‘சிறந்த’. 776ஆம் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரும் முகத்திலும் மார்பிலும் பட்ட புண் என்றே விளக்குகிறார். முதுகில் பட்டது வெறும் புண்.

இதே ஒற்று மற்ற இடங்களிலும் மிகுகிறது. நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டில் உயர்குடி ‘விழுத்திணை’ ஆகிறது. வள்ளுவருக்குக் கல்வி ‘விழுச்செல்வம்’. ஒழுக்கம் தருவது ‘விழுப்பம்’.

சிக்கல் ‘விழுமம்’ என்ற வடிவத்தில்தான். தொல்காப்பிய உரியியல் அதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் சொல்கிறது. முதலிரண்டும் பங்காளிகள், மூன்றாவது எப்படி உள்ளே வந்தது? இலக்கண நூல் ஏட்டளவில் சொன்ன பொருளும் அன்று அது. 107ஆம் குறளில் நண்பர் துடைப்பது விழுமம். 313ஆம் குறளில் பிறருக்கு இன்னா செய்தவரைத் தப்பவிடாமல் பிடிப்பதும் விழுமம். இரண்டிலும் துன்பமன்றி வேறு பொருள் பொருந்தாது.

விழுதல் என்ற வினையிலிருந்து தொடங்கினால் வீழ்ச்சி, அதனால் துன்பம் என்று போகலாம். சிறப்பு வெளியே நின்றுவிடும். விழைதலிலிருந்து தொடங்கினால் விரும்பப்படுவது சிறந்தது என்று முடிக்கலாம்; அப்போது துன்பம் வெளியே. ஒலியில் மட்டும் ஒத்த இரு வேறு சொற்கள் என்று கைகழுவுவது எளிது. ஆனால் தொல்காப்பியர் மூன்றையும் ஒரே நூற்பாவில் வைத்திருக்கிறார்.

அந்த நூற்பாவின் முதல் பொருளிலேயே விடைக்கான தடம் இருக்கிறது. சீர்மை என்பதன் உள்ளிருக்கும் ‘சீர்’ நிறையோடு உறவுள்ளது. துலாக்கோல் செய்யும் வேலைக்குக் குறள் 118 சொல்வது ‘சீர்தூக்கல்’. விழுமத்தின் அடிப்பொருள் கனம் என்று கொண்டால் முடிச்சு அவிழ்கிறது. கனமானது மதிப்புள்ளது, தூக்க முடியாத கனமோ துயரம். மனம் கனத்தது என்கிறோம். சட்டமன்றத்தில் ‘கனம்’ உறுப்பினர் என்றும் விளித்திருக்கிறோம்.

பிற மொழிகளும் இவ்வழியே நடந்திருக்கின்றன. வடமொழியில் ‘குரு’ என்றால் பாரமானது. ஆசானும் அதுவே, ‘கௌரவம்’ பிறந்ததும் அதிலிருந்தே. எபிரேயத்தில் மகிமையைக் குறிக்கும் ‘காவோத்’ பளு என்னும் வேரிலிருந்து வந்தது. பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளையில் அதே வேர் வினையாக வருகிறது. அதற்குத் தமிழ் விவிலியம் இட்ட சொல் ‘கனம்பண்ணு’. மொழிபெயர்த்தவர்கள் வேரைத் தேடினார்களோ இல்லையோ, பொருத்தம் அபாரம்.

இவை துணைச் சான்றுகளே. ‘விழு’ நேரடியாக எடையைக் குறிக்கும் ஒரு பழைய ஆட்சி கிடைத்தால்தான் வழக்கு முடியும். ஆயினும் மூன்று பொருளையும் ஒன்றுகூட விடாமல் தாங்குவது இந்த விளக்கம் மட்டுமே.

இன்று இடும்பைப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. ‘விழுமிய’ என்பதிலிருந்து அமைந்த ‘விழுமியம்’ அறநெறி மதிப்பைக் குறிக்கும் கலைச்சொல்லாகிப் பாடநூல் வரை வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் 107ஆம் குறளைப் படிக்கும் மாணவர், நண்பர் எதற்காகச் சிறப்பைத் துடைத்தெறிகிறார் என்று திகைக்கக்கூடும். அகராதி தொகுப்போர் இவற்றை இரு சொல்லாகப் பிரிக்காமல், கனம் என்ற பொருளைத் தலையில் வைத்து ஒரே பதிவாகத் தருவதே முறை.