திருத்தணி: மலை நகரல, மாவட்டம்தான் நகர்ந்துச்சு

திருத்தணி எந்த மாவட்டம்? திருவள்ளூர்னு டக்குனு சொல்லிடுவோம். அது 1997-ல் வந்த பேருங்க. அதுக்கு முன்னாடி செங்கல்பட்டு. அதுக்கும் முன்னாடி சித்தூர். இன்னும் பின்னாடி போனா வட ஆற்காடு. ராதாகிருஷ்ணன் 1888-ல் இங்க பிறந்தப்போ இது வட ஆற்காடு மாவட்டம்தான். ஊர் கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தது. இன்னிக்கு அந்தப் பேர்ல மாவட்டமே இல்லை.

வட ஆற்காட்டுக்கு அப்போ தலைநகரம் சித்தூர். 1911 ஏப்ரல் 1-ல் வெள்ளைக்காரன் சித்தூரைத் தனி மாவட்டமாக்கினான். சந்திரகிரி, பலமனேர் பக்கத்தோட, கடப்பாவில் இருந்த மதனப்பள்ளியும் சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஜமீனோட திருத்தணியும் அதுக்குள்ள போச்சு. வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரம் ஆச்சு. யாருக்கும் பெரிசா வலிக்கல. எல்லாமே சென்னை மாகாணம்தானே, கலெக்டர் ஆபீஸ் மாறுது, அவ்வளவுதான்.

வினை அங்கதான் இருந்தது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் முழு மாவட்டமா ஆந்திராவுக்குப் போச்சு. ஆபீஸ் வசதிக்காகப் போட்ட கோடு, 42 வருஷம் கழிச்சு மாநில எல்லை ஆயிடுச்சு!

ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் எல்லாம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினது இதுக்காகத்தான். பிறகு படாஸ்கர் வந்தார். மாவட்டத்தை விட்டுட்டு கிராமத்தை அலகா வெச்சார். எந்த மொழி பேசறவங்க அதிகம், நிலம் தொடர்ச்சியா இருக்கான்னு பார்த்தார். 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் மாவட்டம் பிறந்த அதே தேதி, சரியா 49 வருஷம் கழிச்சு. அப்போ ராதாகிருஷ்ணன் துணை ஜனாதிபதி. சும்மா வரலைங்க, பதிலுக்கு சத்தியவேடு பக்கம் அங்க போச்சு. திருப்பதி கிடைக்கவே இல்லை.

கிராமக் கணக்குலயும் கோடு சுத்தமா விழல. பள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு, நகரி, புத்தூர்ல வீட்டில் தமிழ் இப்பவும் கேட்கலாம். ரெண்டு பக்கமும் தறி ஓடுது. ரயில்ல பொன்பாடி தாண்டினா வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டைன்னு நீளமா ஒரு பேர்ப்பலகை வரும். அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள மாநிலம் மாறியிருக்கும். கொசஸ்தலை ஆறும் அப்படித்தான். அங்க கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தா இங்க பள்ளிப்பட்டு தரைப்பாலம் முழுகும். அந்தத் தண்ணிதான் பூண்டிக்கு வந்து சென்னைக்காரங்க குழாய்ல விழுது.

2022-ல் சித்தூரையும் பிரிச்சு திருப்பதி மாவட்டம் பண்ணிட்டாங்க. இங்கயும் அங்கயும் புது மாவட்டம் அறிவிச்சா நாம பட்டாசு வெடிக்கறதோட சரி. எந்த ஊர் எந்தப் பக்கம் விழுதுன்னு கொஞ்சம் உத்துப் பார்க்கணும் மக்களே. இன்னிக்கு ஆபீஸ் கோடு, நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? வீட்டுல தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தா எடுத்து, மாவட்டம்னு என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை பாருங்க.